சிங்காரத்தோப்பும் வாகைப்பதியும்: துவையல் தவசில் கூட்டு விழிப்பு

கேள்வி

ஒவ்வோர் ஆண்டும் மாசி 19ஆம் நாள் திருவனந்தபுரத்திலிருந்து காவிக்கொடி கட்டிய வண்டிகள் நாகர்கோவிலை நோக்கிப் புறப்படுகின்றன. அதே நாளில் திருச்செந்தூரிலிருந்து இன்னோர் ஊர்வலம் வந்து சேரும். மறுநாள், அய்யா வைகுண்டர் அவதார தினமான மாசி 20இல், மக்கள் நாகர்கோவிலிலிருந்து சாமித்தோப்புக்கு நடந்து போகிறார்கள். திருச்செந்தூர் ஊர்வலத்துக்குக் காரணம் கடல். முத்துக்குட்டி என்ற நோயாளி இளைஞர் 1833இல் அங்கே கடலுக்குள் சென்று, மூன்றாம் நாள் வைகுண்டராக வெளிவந்தார் என்பது அவர் வழி நடக்கும் அன்புக்கொடி மக்களின் நம்பிக்கை. திருவனந்தபுரம் ஊர்வலத்துக்குக் காரணம் சிறை. மணக்காட்டுக்கு அருகே சிங்காரத்தோப்பில் திருவிதாங்கூர் அரசு அவரை 110 நாள் அடைத்து வைத்திருந்து, ஒரு மாசி 19இல் விடுவித்தது.

இந்த இரண்டு இடங்களையும் ஊரறியும். மூன்றாவதாக ஓர் இடம் உண்டு. அதற்குப் பெரிய ஊர்வலம் கிடையாது. ஆய்வாளர்களும் ஒரு பத்தியில் கடந்துவிடுகிறார்கள். அது கன்னியாகுமரிக்கு அருகே கடலோரத்தில் உள்ள வாகைப்பதி. சிறையிலிருந்து திரும்பிய அய்யா 700 குடும்பங்களை அங்கே அனுப்பினார். என்ன செய்யச் சொன்னார்? துணி துவைக்கச் சொன்னார். மும்முறை துவைத்து, மும்முறை குளித்து, ஒரு வேளை மட்டும் உண்டு, விழித்திருந்து வழிபடச் சொன்னார். இதற்குத்தான் துவையல் தவசு என்று பெயர்.

அரசன் தண்டித்துப் பார்த்தும் அசையாத ஒரு மனிதர். வாசலில் காத்துக்கிடக்கும் பெருங்கூட்டம். அந்த நேரத்தில் அக்கூட்டத்தைக் கச்சேரி வாசலுக்கோ கோயில் வாசலுக்கோ அழைத்துப் போகாமல், ஆள்நடமாட்டம் குறைந்த ஒரு கடற்கரைக்கு அனுப்பியது ஏன்? இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

இதுவரை சொல்லப்பட்டவை

கேரளத்தில் வைகுண்டரைப் பலரும் முதலில் சந்திப்பது பி.எஸ்.சி. தேர்வுக் கையேட்டில்தான். ‘சமத்துவ சமாஜம், 1836’ என்று ஒரு வரி. மனப்பாடம் செய்தால் ஒரு மதிப்பெண். கேரள மறுமலர்ச்சியின் முன்னோடி என்று அவரைச் சேர்த்துக்கொண்டது நல்லதுதான். ஆனால் சமாஜம், நிறுவிய ஆண்டு, நிறுவனர் என்ற இந்த வார்ப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த சங்கங்களுக்குப் பொருந்துவது. பதிவும் தலைவரும் தீர்மானமும் உள்ள அமைப்பை முன்னால் வைத்துத் தேடினால் துவையல் தவசு கண்ணில் படாது. அங்கே தீர்மானம் எதுவும் நிறைவேறவில்லை.

மிஷனரிமார் விட்டுச்சென்ற பதிவு இன்னொரு வகை. மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் தென்திருவிதாங்கூர் வந்தவர். சாமித்தோப்புக்கு அருகிலுள்ள மயிலாடியில் 1809இல் தேவாலயம் எழுந்தது. முத்துக்குட்டி பிறந்த ஆண்டாகச் சொல்லப்படுவதும் அதே 1809தான். ஒரே மண்ணில், ஒரே மக்களிடையே இரு அழைப்புகள். லண்டன் மிஷன் சங்கத்தின் அறிக்கைகள் இந்தக் கூட்டத்தைச் சுவிசேஷத்துக்குப் பெருந்தடை என்று எரிச்சலோடு குறிப்பிடுகின்றன. எரிச்சலைக் கழித்துவிட்டுப் படித்தால் அவை பயனுள்ள சான்றுகள். சபைக்கு வரவேண்டியவர்கள் வராமல் நின்றதற்கு ஏதோ ஒன்று அவர்களைப் பிடித்துவைத்திருந்தது என்பதை எதிர்த்தரப்பே ஒப்புக்கொள்கிறது. அது என்ன என்று மிஷனரிகள் கேட்கவில்லை. மயக்கம் என்று முடித்துவிட்டார்கள்.

அண்மை ஆய்வுகளில் மூன்று போக்குகள் தெரிகின்றன. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எழுதிய கட்டுரை, உள்ளூர் அரசையும் வெள்ளையர் ஆட்சியையும் ஒருசேர எதிர்த்த குரலாக வைகுண்டர் வழிபாட்டைப் படித்தது. ஆர். பொன்னு இதைச் சமூகச் சமத்துவப் போராட்டத்தின் அத்தியாயமாக எழுதினார். ஜி. பேட்ரிக் 2003இல் வெளியிட்ட நூல், ஒடுக்கப்பட்டவர்கள் சமயத்தைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்ட செயலாக இதை விளக்கியது. மூன்றுக்கும் நான் கடன்பட்டவன். ஆனாலும் மூன்றிலும் அரசனுக்கு எதிரே நிற்கும் அய்யாதான் பெரிதாகத் தெரிகிறார். அலைவாயில் துணியோடு நின்ற குடும்பங்கள் பின்னணியாகிவிடுகின்றன.

அன்புக்கொடி மக்களின் விளக்கம் வேறு. அவர்களுக்குத் துவையல் என்பது தரும யுகத்துக்கான ஆயத்தம். கலி அழியும் நாள் வருமுன் உடலையும் மனத்தையும் உடையையும் ஒழுங்கில் வைத்திருக்கப் பழகுவது. வரலாற்றாசிரியர்கள் இதைப் பக்தியுரை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் துவக்கப் புள்ளியாகப் படுகிறது. ஆயத்தம் என்பதை ஏன் தனித்தனியாகச் செய்யாமல் 700 குடும்பங்கள் சேர்ந்து செய்ய வேண்டும் என்று கேட்டால், இந்தப் ‘பக்தியுரை’யே நல்ல ஆய்வுக் கேள்வியாகிறது.

அரசின் காவல்

வைகுண்டர் சாமித்தோப்பில் ஆறாண்டு தவமிருந்தார். முதல் இரண்டாண்டு நிலத்தில் தோண்டிய குழிக்குள்; அடுத்த நான்காண்டு தரைக்கு மேலே. முதல் தவசு யுகத்துக்காக, இரண்டாவது சாதிக்காக, மூன்றாவது பெண்களுக்காகவும் முன்னோருக்காகவும் என்று அன்புக்கொடி மக்களின் புனித ஏடான அகிலத்திரட்டு அம்மானை, சுருக்கமாக அகிலம், பிரித்துச் சொல்கிறது. தவத்துக்கு இப்படிப் பயனாளிகளைப் பிரித்துக் கொடுப்பதே புதுமை. தன் முக்திக்காக ஒரு பங்கும் வைத்துக்கொள்ளவில்லை.

கூட்டம் பெருகியது. அன்றைய ஆவணங்கள் சாணார் என்று எழுதிய, இன்று நாடார் எனப்படும் சமூகத்தார்தான் அதில் மிகுதி. பிற சாதியாரும் வந்தார்கள். சாமித்தோப்பின் முந்திரிக்கிணற்றில் எல்லோரும் ஒன்றாக நீர் மொண்டு குளித்தார்கள். பனையேறிகளிடம் ஏணிக்காணமும் தளைக்காணமும் வாங்கிய அரசு அது. கூலியில்லாத ஊழியம் வாங்கிய அரசு. 1829 பிப்ரவரியில் விளம்பரம் போட்டு இந்தச் சமூகப் பெண்கள் மேலாடை அணிவதற்கு எல்லை வகுத்த அரசு. ஒரு கிணற்றடிச் செய்தி அதன் காதுக்கு எட்டாமல் இருக்குமா? சுவாதித் திருநாள் (ஆட்சி 1829–1846) சுசீந்திரத்தில் முகாமிட்டிருந்தபோது வைகுண்டர் பிடிக்கப்பட்டு அவர் முன் நிறுத்தப்பட்டார் என்றும், பிறகு திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோகப்பட்டார் என்றும் அகிலம் விவரிக்கிறது.

சிங்காரத்தோப்பில் நடந்தவையாக அகிலம் சொல்பவை நஞ்சு, நெருப்பு, புலி ஆகிய சோதனைகள். தமிழ் படித்தவருக்கு இந்த வரிசை உடனே இன்னொருவரை நினைவூட்டும். நஞ்சு கலந்த பாற்சோறு, நீற்றறை, யானை என்று அப்பரைப் பல்லவன் சோதித்த வரிசை இது. ஆகவே இதைச் சிறைக்குறிப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஏட்டை எழுதிய அரிகோபாலன் சீடர் யாரை யார் இடத்தில் உட்கார வைக்கிறார் என்பது கவனிக்கத்தக்கது. பத்மநாபதாசனாக முடிசூடிய மன்னன், சமணம் சார்ந்திருந்த பல்லவனின் இருக்கைக்குத் தள்ளப்படுகிறான். பல்லவனாவது கடைசியில் திருந்தினான். அகிலம் கலிநீசன் என்று அழைக்கும் இந்த மன்னனுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

இதைவிடத் துணிச்சலானது ஒன்றுண்டு. 1750இல் மார்த்தாண்டவர்மா நாட்டையே பத்மநாபசாமிக்குத் திருப்படித்தானமாகக் கொடுத்து, தான் அவருடைய அடிமையாக இருந்து ஆள்வதாக அறிவித்தார். திருவிதாங்கூர் அரசின் நியாயம் முழுவதும் அதன்மேல் நின்றது. அகிலத்தின் கதையிலோ நாராயணர் திருவனந்தபுரத்தைவிட்டே புறப்பட்டுவிடுகிறார். சாமியே இல்லாத கோயிலுக்குக் காவல் நிற்கும் அரசாக இதைக் காட்ட அந்த ஒரு சம்பவம் போதும்.

விடுதலைக்கு முன் அரசு வைத்த நிபந்தனை நமது கேள்விக்கு நேரே தொடர்புடையது. தன் சாதியாரோடு மட்டும் பழகுவதாக எழுதிக்கொடுத்தால் விட்டுவிடலாம் என்றார்களாம். வைகுண்டர் எழுதிக்கொடுக்க மறுத்தார். அரசுக்கு அவருடைய தெய்வத்தன்மை பெரிய தொல்லையாக இருக்கவில்லை. யார் யாரோடு சேர்கிறார்கள் என்பதுதான் தொல்லை. திரும்பி வந்தவுடன் அவர் செய்த காரியம் அந்தச் சேர்க்கையை முழுநாள் வாழ்க்கையாக்கியது. ஒரு கிணற்றடியில் சில நாழிகை கூடியவர்கள், வாகைப்பதியில் ஆறு மாதம் சேர்ந்து வாழ்ந்தார்கள்.

வாகைப்பதியில்

மரபு சொல்லும் நடைமுறையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். நாளுக்கு மூன்று முறை கடலில் முழுக்கு. மூன்று முறையும் உடுத்திய துணியைத் துவைத்தாக வேண்டும். நண்பகலில் ஒரே ஒரு வேளை உணவு. பச்சரிசியும் சிறுபயறும் கடல்நீரில் வேகவைத்தது. மீனும் இறைச்சியும் கூடாது. மூன்று வேளையும் கூடி வழிபட வேண்டும். இப்படி ஆறு மாதம்.

இதை நடத்திப் பார்க்கும் கண்ணோடு படித்தால் சில விஷயங்கள் புரியும். பொழுது விடியுமுன் முதல் முழுக்கு என்றால், யாராவது முதலில் எழுந்து மற்றவர்களை எழுப்ப வேண்டும். மூன்று முறை துவைத்துக் காய்ந்த துணி வேண்டும் என்றால், ஒன்றுக்கு மேல் துணி இல்லாத வீட்டுக்கு அடுத்த வீடு கொடுத்தாக வேண்டும்; இல்லையேல் ஈரத்தோடு நிற்க வேண்டும். பனை ஏறப் போகாதவனுக்கு அன்றன்றைய வரும்படி இல்லை. அரிசியும் பயறும் யாரோ சேர்த்துக் கொண்டுவந்து பகிர வேண்டும். தனி ஒருவனால் இந்த நியமத்தை இரண்டு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. நியமத்தின் அமைப்பே அக்கம்பக்கத்து உதவியைக் கட்டாயமாக்குகிறது.

700 என்பது தலையெண்ணிக்கை எடுத்துச் சொன்ன எண் என்று நான் கருதவில்லை. மரபு வழங்கும் நிறைவான எண் அது. ஆனால் எண்ணைவிட அது எண்ணும் அலகுதான் முக்கியம். மரபு 700 ஆண்கள் என்றோ 700 சீடர்கள் என்றோ சொல்வதில்லை; 700 குடும்பங்கள் என்றே சொல்கிறது. நம் நாட்டுத் துறவு மரபில் வீட்டைவிட்டுப் போகிறவன்தான் துறவி. மனைவி அழுதபடி பின்தங்கி நிற்பாள். கதை அவனோடு காட்டுக்குப் போகும். இங்கே பெண்டு பிள்ளைகளும் கடலோரத்துக்குப் போனார்கள்.

அகிலத்தின் தர்க்கத்துக்குள் இதற்கு ஓர் அடிப்படை உண்டு. கலியுகத் தீமையின் உருவான கலியன் வரங்கள் வாங்கிக்கொண்டு பூமிக்கு வரும்போது நாராயணர் பண்டார வேடத்தில் எதிரே வருகிறார். பண்டாரத்தைத் தொல்லை செய்வதில்லை என்று கலியனிடம் சத்தியம் வாங்குகிறார். படையில்லாத பிச்சைக்காரனிடம் கலிக்கு அதிகாரம் இல்லை. வைகுண்டர் வந்ததும் பண்டாரமாகத்தான். துவையல் தவசு அந்தப் பண்டார நிலையைக் குடும்பங்களுக்கு விரித்தது என்று நான் வாசிக்கிறேன். தவசு முடித்தவர்களைத் துவையல் பண்டாரங்கள் என்றே பிற்பாடு அழைத்தார்கள்.

விழிப்பு எதற்கு எதிராக? கலி என்பது அரண்மனையில் மட்டும் இருந்திருந்தால் ஆறு மாதம் துணி துவைக்கத் தேவையில்லை. பலியிட வேண்டாம், மாடனுக்கும் காடனுக்கும் அஞ்சிக் கொடை கொடுக்க வேண்டாம் என்று அய்யா சொன்னார். சொல்வது எளிது. குழந்தைக்கு நள்ளிரவில் காய்ச்சல் தூக்கிப்போடும்போது, தலைமுறை தலைமுறையாகக் கோழி அறுத்த கை சும்மா இருக்குமா? வீட்டில் பெரியவர்கள் சும்மா விடுவார்களா? அந்த இரவில் தனியாக இருப்பவன் மந்திரவாதி வீட்டுக்கு ஓடுவான். இதே நோன்பு நோற்கும் இன்னொரு குடும்பம் அடுத்த குடிசையில் இருந்தால், ஓடாமல் இருக்க ஒரு வாய்ப்பு உண்டு.

பக்கத்து மிஷன் சபைகளும் இதே சிக்கலோடு போராடிக்கொண்டிருந்தன. ஞானஸ்நானம் பெற்றவன் காலரா வந்ததும் பழைய தெய்வத்திடம் திரும்பிப் போய்விடக் கூடாதே என்பது மிஷனரிகளின் தீராக் கவலை. அவர்கள் கண்ட வழி சம்பளம் வாங்கும் உபதேசியார். வீடுவீடாகச் சென்று விசாரித்து ஒழுங்கு பார்ப்பவர். துவையல் தவசில் அந்த வேலையை அடுத்த குடிசைக்காரர் செய்தார். அவருக்குச் சம்பளம் இல்லை. அவரையும் இன்னொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேல்சாதியைப் பார்த்துச் செய்ததா?

ஒரு வலுவான மறுப்பை இங்கே எதிர்கொள்ள வேண்டும். மும்முறைக் குளியல், மரக்கறி உணவு, ஆசாரம் ஆகியவை பிராமணர்களைப் பார்த்துச் செய்தவைதானே? எம்.என். சீனிவாஸ் 1952இல் குடகர்களைப் பற்றிய நூலில் முன்வைத்த ‘சமஸ்கிருதமயமாதல்’ என்ற கருத்து இதற்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லலாம். சொல்லியும் இருக்கிறார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் பொருந்துகிறது. உள்ளே போனால் மூன்று இடங்களில் இடிக்கிறது.

ஒன்று, நீர். மேல்சாதி ஆசாரத்தின் நீர் கோயில் குளம். அதில் இறங்கத் தடைபட்டவர்கள் இவர்கள். கடலுக்கு மதில் கிடையாது, நடைவாசல் கிடையாது, தீட்டுத் தூரம் அளக்க ஆள் கிடையாது. அனுமதி கேட்க வேண்டாத ஒரே தீர்த்தத்தை அய்யா தேர்ந்தெடுத்தார்.

இரண்டு, துவைக்கும் கை. இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். இந்தப் பக்கத்துச் சாதி வழக்கில் பிறப்புத் தீட்டும் சாவுத் தீட்டும் மாதத்தீட்டும் கழிய, வண்ணாத்தி கொண்டுவரும் மாற்றுத்துணி வேண்டும். மேலே உள்ளவரின் தூய்மை கீழே உள்ளவரின் உழைப்பிலிருந்து வருவது. அழுக்கைத் தொடுபவர் தாழ்ந்தவர், வெளுத்ததை உடுத்துபவர் உயர்ந்தவர். துவையல் தவசு தவத்துக்கான செயலாக எடுத்துக்கொண்டது எதை? தாழ்ந்ததென்று தள்ளிய அந்தத் துவைக்கும் வேலையையே. மந்திரம் ஓதுவதையோ வேள்வி வளர்ப்பதையோ எடுக்கவில்லை. போலச்செய்கிறவர்கள் பூணூலைத்தான் கேட்பார்கள். சலவைக் கல்லைக் கேட்பார்களா?

மூன்று, துணி. மேலாடை உரிமைக்காக 1822இல் தொடங்கிய தோள்சீலைக் கலகம் 1859 அரச விளம்பரம் வரை இழுத்தது. துவையல் தவசு அந்தக் காலத்தின் நடுவில் நடந்தது. தெருவில் பெண்ணின் தோள்சீலையைப் பிடித்து இழுத்துக் கிழித்த நாட்கள் அவை. அந்த நாட்களில் குடும்பம் குடும்பமாகத் தங்கள் துணியை நாளுக்கு மும்முறை தாங்களே துவைத்து உடுத்தியதைச் சுகாதாரப் பழக்கம் என்று மட்டும் எழுதிவிட முடியாது. ஆண்கள் வழிபாட்டில் தலைப்பாகை கட்ட வேண்டும் என்ற விதியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மேலோர் எதிரே தலைத்துணியை அவிழ்த்து இடுப்பில் கட்ட வேண்டியவன், தெய்வத்தின் முன் அதைத் தலையில் கட்டி நிற்கிறான். இன்றும் பதியில் அப்படித்தான் நிற்கிறார்கள்; எதிரே வழிபாட்டுக்கு வைத்த கண்ணாடியில் தெரிவது அவர்கள் முகம்.

நோன்பு மரபில் இதன் இடம்

கூட்டு விழிப்பு தமிழுக்குப் புதிதா என்றால், இல்லை. ஆண்டாளின் திருப்பாவை நினைவுக்கு வராமல் போகாது. விடியலில் நீராட்டு, நெய்யும் பாலும் மையும் மலரும் விலக்கல், ஒருத்தி இன்னொருத்தி வீட்டு வாசலில் நின்று எழுப்புவது என எல்லாம் அங்கே உண்டு. உறங்குகிறவளை விட்டுவிட்டுப் போக அந்தத் தோழியருக்கு மனமில்லை. பாவை நோன்பு ஒரு மாதம், கன்னியருக்கு. துவையல் ஆறு மாதம், முழுக் குடும்பத்துக்கு. வேறுபாடு பெரியதுதான். ஆனால் அரிகோபாலனும் அவரைச் சூழ்ந்தோரும் நோன்பை அயலிடத்திலிருந்து வாங்கிவர வேண்டியிருக்கவில்லை.

உலகின் வேறொரு மூலையிலும் இதை ஒத்த நிகழ்ச்சி உண்டு. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் மொராவியச் சகோதரர்கள் 1727 ஆகஸ்டில் மணிநேரச் செபத்தைத் தொடங்கினார்கள். 24 ஆண்கள், 24 பெண்கள். ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று இரவும் பகலும் முறைவைத்துக்கொண்டார்கள். நூறாண்டுக்கு மேல் அது தொடர்ந்தது. அங்கே விழிப்பைப் பங்கிட்டுக்கொண்டார்கள்: நான் விழித்திருக்கும்போது நீ உறங்கலாம். வாகைப்பதியில் பங்கீடு இல்லை. எல்லோரும் ஒரே வேளையில் விழித்தார்கள். பங்கிட்ட விழிப்பு நூறாண்டு நின்றது, பங்கிடாதது ஆறு மாதத்தில் முடிந்தது என்று யாராவது கணக்குப் பார்க்கலாம். அடுத்த பகுதி அதற்குப் பதில்.

கலைந்த பிறகு

வாகைப்பதியில் நோய் வந்தது என்று மரபே சொல்கிறது. உப்புக்காற்றும் ஈரமும் ஒருவேளை உணவும் குடிசை நெருக்கமும் சேர்ந்தால் வராமல் என்ன செய்யும். அருகிலேயே முட்டப்பதியிலும் துவையல் தொடர்ந்தது. அதன்பின் குடும்பங்கள் ஊர் திரும்பின. மிஷனரி எழுதினால் இதைத் தோல்வி என்றுதான் எழுதுவார்.

ஆனால் கலைந்தவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. துவையல் பண்டாரங்கள் போய்ச் சேர்ந்த ஊர்களில் நிழல் தாங்கல்கள் என்ற சிறு வழிபாட்டிடங்கள் முளைத்தன. செட்டிக்குடியிருப்பு, அகஸ்தீஸ்வரம், பாலூர், சுண்டவிளை, வடலிவிளை, கடம்பன்குளம், பாம்பன்குளம் ஆகிய ஏழும் வைகுண்டர் வாழ்ந்த காலத்திலேயே எழுந்தவை என்பது மரபு. தொடக்கத்தில் ஓலைக் கூரையும் மண் தரையும்தான். வழிபாட்டு இடமாகவும், பிள்ளைகள் எழுத்துப் படிக்கும் இடமாகவும், பசித்தவருக்குச் சோறு போடும் இடமாகவும் ஒரே கொட்டகை இருந்தது. பூசாரி குலம் கிடையாது. உகப்படிப்பு காலையில், உச்சிப்படிப்பு நண்பகலில், மாலையில் மீண்டும் பணிவிடை. வாகைப்பதியின் மூன்று வேளை அப்படியே இங்கே இருக்கிறது. கடலும் பட்டினியும் மட்டும் கழிந்துவிட்டன.

நெருக்கடிக் கால விழிப்பு அன்றாடத்துக்கு ஏற்ற அளவில் மாறியது இங்கேதான். ஆறு மாதம் எல்லோரும் செய்த தீவிரப் பயிற்சியை வாழ்நாள் முழுவதும் யாராலும் செய்ய முடியாது. ஆனால் அதைச் செய்து முடித்த சிலர் ஒவ்வோர் ஊரிலும் இருந்தால், தாங்கலில் தினம் விளக்கேற்ற ஆள் இருக்கும். 1851இல் வைகுண்டர் மறைந்த பிறகு இயக்கம் உடைந்து போயிருக்கலாம். தலைவர் போனதும் மறைந்த கூட்டங்கள் நம் வரலாற்றில் ஏராளம். இது மறையாமல் இருந்ததற்குக் காரணம், தலைவரின் வாரிசுகளைவிட இந்த ஊர்க் கொட்டகைகள்தான் என்பது என் முடிவு.

ஏட்டின் வரலாறும் இதையே காட்டுகிறது. அரிகோபாலன் சீடர் தென்தாமரைக்குளத்தில் 1841ஐ ஒட்டி எழுதி முடித்த அகிலத்திரட்டு, அச்சேறியது 1939இல். இடைப்பட்ட ஏறத்தாழ நூறாண்டு அது கைப்படியிலும் குரலிலும் வாழ்ந்தது. திரு ஏடு வாசிப்பு இன்றும் 17 நாள் நடக்கிறது. ஒருவர் படிக்க, தலைப்பாகை கட்டியவர்களும் முக்காடிட்ட பெண்களும் உட்கார்ந்து கேட்கிறார்கள். திருக்கல்யாணம் படிக்கும் நாளில் கூட்டம் நெரியும். பல வரிகள் கேட்பவர்களுக்கே மனப்பாடம். படிப்பவர் தவறினால் கூட்டத்திலிருந்து யாராவது ஒரு பாட்டி திருத்துவார். அடுத்த குடிசைக்காரர் பார்த்துக்கொண்ட பழைய முறை இதில் உயிரோடு இருக்கிறது.

எல்லைகள்

இதை எழுதும்போது மிகைப்படுத்தும் ஆசை வரும். அதற்கு இரண்டு தடைகள் உண்டு.

முதலாவது, கூட்டு விழிப்பு எளிதில் கூட்டுக் கண்காணிப்பாக மாறும். அடுத்த வீட்டைப் பார்த்துக்கொள்வதற்கும் அடுத்த வீட்டை வேவு பார்ப்பதற்கும் இடையே உள்ள கோடு மெல்லியது. மூன்று வேளைச் சலவையிலும் ஒரு வேளைச் சமையலிலும் பெரும்பங்கு யார் தலையில் விழுந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. மூன்றாம் தவசைப் பெண்களுக்காக இருந்த இயக்கத்திடம் இந்தக் கேள்வியைக் கேட்பதில் தவறில்லை.

இரண்டாவது, மீன் விலக்கு. கன்னியாகுமரிக் கரையில் பெரும்பாலும் கத்தோலிக்க மீனவர்கள். அவர்கள் வலை காயும் மணலில், மீன் தொடாத ஒரு கூட்டம் ஆறு மாதம் தங்கியது. மேலே இருந்த ஒரு கோட்டை அழித்த நியமம், பக்கத்தில் இன்னொரு கோட்டைப் போட்டது. சாதி கலந்த சேர்க்கை என்பது கொள்கையில் திறந்திருந்தாலும், நடப்பில் அது பெரும்பாலும் ஒரு சமூகத்தின் இயக்கமாகவே நின்றதற்கு இந்த உணவுக் கோடும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இவற்றை ஒப்புக்கொண்ட பிறகும் ஒன்று நிற்கிறது. அருவிப்புரத்தில் நாராயண குரு சிவலிங்கம் நிறுவியது 1888இல். திருவனந்தபுரத்தில் எழுதப்படும் மறுமலர்ச்சி வரலாறுகள் பலவும் அங்கேதான் மூச்சு விடத் தொடங்குகின்றன. வைகுண்டர் முன்னுரையில் வந்துபோகிறார். அதற்கு ஏறத்தாழ ஐம்பதாண்டுக்கு முன்பே, அதே அரசின் தென்கோடியில், எழுத்தறிவும் நிலமும் இல்லாத குடும்பங்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு நியமம் விதித்துக்கொண்டு சேர்ந்து வாழ்ந்து பார்த்தன. அவர்களை முன்னுரையிலிருந்து நூலுக்குள் கொண்டுவர வேண்டும். இதில் இறங்க நினைக்கும் இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆவணக் காப்பகத்துக்கும் மிஷன் அறிக்கைக்கும் போவதற்கு முன், ஏதாவது ஒரு தாங்கலில் ஏடு வாசிப்பின் 17 நாளும் உட்கார்ந்து கேளுங்கள், திருத்திச் சொல்லும் பாட்டிகளிடம் பேசுங்கள். அவர்களுக்கு வயதாகிறது.